எண்களை மட்டும் வாசித்த குரல்

ஈசூன்வாசி:
கண் அழுத்த நோயால் பார்வையிழந்த என் பெரியப்பா திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகவே எதையும் படிப்பவர். எங்கள் வட்டாரத் தமிழ் அமைப்பு ஒன்றின் பொங்கல் விழா அறிவிப்பை அவருக்குத் திறந்து கொடுத்துவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். அவருடைய திரைவாசிப்பானான என்விடிஏ ஆங்கிலக் குரலில் “செவன்டீன், சிக்ஸ், தர்ட்டி” என்று சொல்லிவிட்டு நின்றுபோனது. “ஏம்ப்பா, வேற ஒண்ணுமே எழுதலையா?” என்று அவர் கேட்டபோது திரையில் நான்கு பத்தித் தமிழ் இருந்தது, அவருடைய பழைய நண்பர் பேசப்போகும் செய்தியும் அதில் இருந்தது. பக்கத்தின் மூலநிரலைப் பார்த்தேன். பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக்குறி, இலவச வார்ப்புருவோடு வந்தபடியே ஆங்கிலம் என்று கிடந்தது. அதனால்தான் ஆங்கிலக் குரல் தமிழை விட்டுவிட்டு எண்களை மட்டும் வாசித்திருக்கிறது. பக்கத்தின் மொழியை நிரலிலேயே குறிப்பிட வேண்டும் என்பது இணையப் பக்கங்களை உடற்குறையுள்ளோரும் பயன்படுத்த வகைசெய்யும், 2008இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டியில் அடிப்படையான ஏ நிலை விதியாகும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் இது எவர் கண்ணிலும் படாமல் போனது என்னை இன்னும் உறுத்துகிறது.

உட்லண்ட்ஸ் நிரலர்:
இணையப் பக்கங்களில் சேர்க்கும் அத்தகைய இலவசக் கருவி ஒன்றை வேலை முடிந்த இரவுகளில் பராமரிப்பவன் நான். நிகழ்ச்சிப் பதிவுக்கான என் நாட்காட்டியில் டேப் விசையை அழுத்தி உள்ளே நுழைந்தால் வெளியேற வழியில்லை என்று, சுட்டியைப் பயன்படுத்த இயலாத ஒருவர், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எழுதியிருந்தார். ஐந்து மாதம் அதைத் தொடவில்லை. திருத்தம் பதினொரு வரிதான். எஸ்கேப் விசை நாட்காட்டியை மூடி, தேதிப் பெட்டிக்கே திருப்பிவிட வேண்டும். முடித்துத் தெரிவித்தபோது, “நன்றி. அந்த நிகழ்ச்சிக்கு என் தங்கை பதிவு செய்து கொடுத்துவிட்டாள்” என்று பதில் வந்தது. அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை.

தேக்கா வாசகர்:
ஈசூன் நண்பரே, பழி முழுவதையும் மொழிக்குறியின்மேல் போடுவது சரியன்று. குறி சரியாக இருந்தாலும் கணினியில் தமிழ்க் குரல் இல்லாவிட்டால் பெரியப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. என்விடிஏவுடன் வரும் இ-ஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. விண்டோஸிலும் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். மொழிக்குறிக்கு ஏற்பக் குரலை மாற்றும் தானியங்கி மொழிமாற்றம் என்விடிஏவின் அமைப்புகளில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். என் அனுபவம் சிறியது: சாம்பல் பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்திட்ட பக்கம் ஒன்றை என் அம்மாவால் படிக்க முடியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பின்படி தொடும் பொத்தான்களுக்குக் குறைந்தது 24 பிக்சல் இடம் வேண்டும். ஆக்ஸ் போன்ற திறந்தமூலச் சோதனைக் கருவி நிறக் குறையைக் கண்டுபிடிக்கும்; படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்றுரை பொருத்தமானதா என்பதை மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும். ஆகவே சுட்டியை ஒதுக்கிவிட்டு, வெறும் விசைப்பலகையால் பதிவுப் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். உட்லண்ட்ஸ் நண்பர் இணைப் பராமரிப்பாளர் ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது. நேரமில்லையென்றால் அதைக் கருவியின் கிட்ஹப் களஞ்சியத்தின் முகப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

உட்லண்ட்ஸ் நிரலர்:
இணைப் பராமரிப்பாளர் வேண்டும் என்ற அறிவிப்பு முகப்பில் ஈராண்டாக இருக்கிறது. கருவியைப் பயன்படுத்தும் அமைப்புகளில் ஒன்றாவது ஒரு தன்னார்வலரை அனுப்பியிருந்தால் அந்த ஐந்து மாதம் ஐந்து நாளாகியிருக்கும். அறிவுரையை அவர்களிடமும் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
தேக்கா நண்பர் சொன்னது சரிதான். பெரியப்பா பயன்படுத்திவந்த குரலில் தமிழ் இல்லை. இ-ஸ்பீக்குக்கு மாற்றினேன். குரல் இயந்திரத்தனமாக இருக்கிறது என்றாலும் அவருக்குப் பழகிவிட்டது. அமைப்பினரும் மொழிக்குறியைத் திருத்திவிட்டார்கள். ஆனால் நேற்று வந்த அடுத்த அறிவிப்பு முழுவதும் ஒரே படமாக இருந்தது; மாற்றுரையும் இல்லை. என்விடிஏ “கிராஃபிக்” என்று மட்டும் சொன்னது. மறுபடியும் அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.