புதுப்பிப்பு: புதுக் கழகத்திலிருந்து சங்கம் விலகிவிட்டது

எங்கள் பகுதியில் தொடங்கிய புது உதைபந்தாட்டக் கழகத்தில், போட்டிகளை நடத்தும் சங்கமே பங்கு வைத்திருப்பது சரியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிறு கூட்டத்தில் சங்கம் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டது.

எனக்கு இது பெரிய நிம்மதி. போட்டி அட்டவணை, வீரர் பதிவு, நடுவர் நியமனம், தண்டனை எல்லாம் சங்கத்தின் கையில். அதே கை ஓர் அணியையும் பிடித்திருந்தால், நியாயமான ஒரு பெனால்டியைக்கூட யாரும் நம்பமாட்டார்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் தோற்றுவிட்டு வரும் பொடியன்களுக்கு, தோற்றது விளையாட்டில்தான் என்ற நம்பிக்கையாவது வேண்டும்.

அதற்காக, சங்கம் தொடங்கி வைத்ததே பிழை என்று சொல்லமாட்டேன். அவுஸ்திரேலியாவில் வெஸ்டேர்ன் சிட்னி வொண்டரர்ஸ் என்ற கழகத்தை 2012இல் தொடங்கியது அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம்தான். 2014இல் தனியாருக்கு விற்றது. அதே ஆண்டு அந்த அணி ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது! எங்கள் சங்கமும் நேரத்தோடு விலகியிருக்கிறது.

இப்போது கவலை காசுதான். பந்து, சப்பாத்து, அம்பாறைக்குப் போய்வர வான் கூலி எல்லாவற்றையும் சங்கமே பார்த்தது. பழைய வீரர்கள் சிலர் மாதச் சந்தா தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம், பங்கை யார் பெயருக்கு எழுதுவது என்று வரும் ஞாயிறு பேசுகிறார்கள். நானும் போகிறேன்.