தாத்தா வீட்டுக் குழு: பெரியப்பாவுக்கு வெள்ளைக்கரு

கவிதா அக்கா: அப்பாவுக்கு நேற்று மூன்றாவது டயாலிசிஸ் முடிந்தது. தினமும் மூன்று முட்டை, வெள்ளைக்கரு மட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வாரம் இரவுப் பணி. காலையில் யார் அவித்துத் தருவீர்கள்?

மீனா அத்தை: செவ்வாய், வியாழன் நான் பெரம்பூரிலிருந்து வந்துவிடுகிறேன்.

பெரியம்மா: புரட்டாசி பிறந்துவிட்டதே. 40 வருடமாக இந்த மாதம் அவர் முட்டையைத் தொட்டதில்லை.

ராஜா: பச்சையாகப் பாலில் அடித்துக் கொடுத்தால்? ஜிம்மில் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

சேகர் சித்தப்பா: வேண்டவே வேண்டாம் ராஜா. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்றொரு புரதம் இருக்கிறது. பயோட்டின் வைட்டமினை இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நன்றாக வெந்தால்தான் அந்தப் பிடி விடும். சால்மோனெல்லா கிருமி வந்தால் அண்ணன் உடம்பு தாங்காது. டயாலிசிஸில் அமினோ அமிலங்களும் கொஞ்சம் வெளியேறிவிடுகின்றன, அதை ஈடுகட்டத்தான் இது. வெள்ளைக்கருவில் 90 சதவீதம் தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். ஒரு முட்டைக்குச் சுமார் 3.6 கிராம். பாஸ்பரஸ் 5 மில்லிகிராம் அளவுதான். மஞ்சள் கருவில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.

மீனா அத்தை: உப்பு போடலாமா?

கவிதா அக்கா: கூடாது அத்தை. மிளகுத்தூள் கொஞ்சம்.

சேகர் சித்தப்பா: இன்னொன்று. ஓட்டைத் தாண்டி வரும் கிருமியிடமிருந்து குஞ்சைக் காப்பதே வெள்ளைக்கருதான். அதிலுள்ள லைசோசைம் என்ற புரதம் கிருமியின் சுவரையே உடைக்கும். பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைப்பற்றி எழுதிவிட்டார்.

ராஜா: மஞ்சள் கருவை என்ன செய்வது?

மீனா அத்தை: காரைக்குடியில் பழைய வீடுகளைச் செப்பனிடும்போது அப்பா வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் கலந்து பூசுவார். சுவரில் முகம் தெரியும். மிஞ்சிய மஞ்சள் கரு எல்லாம் எங்கள் தட்டுக்கு வரும். அண்ணன் தன் பங்கையும் எனக்கே தந்துவிடுவார்.

சேகர் சித்தப்பா: அப்பா பூசிய கொத்துக் கரணை உன்னிடம்தானே இருக்கிறது?

மீனா அத்தை: இப்போது அது எதற்கு சேகர்?

ராஜா: ஒரு அட்டை முட்டை வாங்கி வைத்துவிடுகிறேன்.

கவிதா அக்கா: 30 முட்டையா? குளிர்பெட்டியில் இடமில்லை. பாதி போதும். சனிக்கிழமை யார் வருகிறீர்கள்?

பெரியம்மா: புரட்டாசிச் சனிக்கிழமை வேண்டாமே.

மீனா அத்தை: அண்ணி, மருந்து என்று சொல்லுங்கள். பெருமாள் கோபிக்கமாட்டார். நான் ஊட்டினால் அண்ணன் மறுக்கமாட்டார்.

கவிதா அக்கா: அப்படியானால் சனிக்கிழமையும் நீங்களா அத்தை?

பெரியம்மா: அவர் எழுந்துவிட்டார். பிறகு பேசுகிறேன்.