கோடு போட்டு இணைத்துக் கற்ற ஆங்கிலம்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்வாசி:
மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் போனதும் ஆங்கில டியூஷன் சேர்த்தோம். வாரம் தவறாமல் ஒரு தாள் வரும். இடப்பக்கம் பத்துச் சொல், வலப்பக்கம் பத்து விளக்கம், கோடு போட்டு இணைக்க வேண்டும். எப்போதும் முழு மதிப்பெண். ஆனால் அதே சொல் கதைப் புத்தகத்தில் வந்தால் முழிப்பாள்.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொல்லின் பொருளை யோசிக்கவே இல்லை. விளக்கம் 'டு' என்று ஆரம்பித்தால் வினைச்சொல், 'எ பெர்சன் ஹூ' என்று ஆரம்பித்தால் ஆள். அதிலேயே பாதி முடிந்துவிடும். தெரிந்த நாலைந்தைக் கோடு போட்ட பிறகு மிச்சம் தானாக அமைந்துவிடும். கெட்டிக்காரிதான், ஆனால் அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை!

இப்போது தாளை நானே எழுதுகிறேன். எல்லாம் வினைச்சொல்லாகவே இருக்கும். ஆறு சொல்லுக்கு எட்டு விளக்கம், இரண்டு வேண்டுமென்றே உதிரி. கழித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மறுநாள் சொற்களை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படிப்பேன், அவள் சொல்லைச் சொல்ல வேண்டும். "டீச்சரே இப்படியெல்லாம் கேட்க மாட்டாங்கம்மா" என்று சண்டைக்கு வருவாள். வரட்டும்.

பட்டர்வொர்த்காரன்:
அக்கா, நான் முவெட் என்ற பல்கலைக்கழக நுழைவு ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த காலத்தில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து ஃப்ரீரைஸ் விளையாடுவேன். 2007இல் வந்த தளம், பிறகு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் கைக்குப் போனது. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் காட்டும். சரியானதைத் தொட்டால் பசித்தவர்களுக்குச் சில அரிசி மணிகள். தவறவிட்ட சொல் சற்று நேரத்தில் மறுபடி வந்து நிற்கும், அதுதான் எனக்குப் பிடித்தது.

வாசிப்புத் தாளுக்கு இது நன்றாகவே கைகொடுத்தது. கட்டுரைத் தாளில்தான் ஒன்றும் வரவில்லை. பார்த்தால் தெரிகிற சொல், எழுதத் தேடும்போது வராது. நீங்கள் விளக்கத்தைச் சொல்லிச் சொல்லைக் கேட்கிறீர்களே, அது எனக்கு அப்போது யாரும் செய்யாதது.

பிரிக்பீல்ட்ஸ்:
நாங்கள் அட்டை விளையாட்டாக வைத்தோம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் சொல்லையும் பொருளையும் ஜோடி சேர்க்க வேண்டும். பிள்ளைகள் எந்த அட்டை எந்த மூலையில் என்பதைத்தான் மனப்பாடம் செய்தார்கள் லா! ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாற்றிய பிறகுதான் படிக்க ஆரம்பித்தார்கள்.

பினாங்கு டீச்சர்:
எல்லாரும் சொன்னது சரிதான். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளை ஒட்டிய சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். கோபத்துக்கு ஐந்து சொல், அழகுக்கு ஐந்து சொல் என்று அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்கள் நிறைய உண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒன்றோடொன்று குழம்பிவிடும். சம்பந்தமில்லாத சொற்களைக் கலந்து கொடுத்தால் நன்றாக நிற்கிறது. விளக்கத்தையும் பெரிய அகராதியிலிருந்து எடுக்க வேண்டாம், விளக்கத்துக்கே இன்னொரு விளக்கம் தேவைப்படும். கற்பவர்களுக்கான அகராதி போதும். லாங்மேன் பதிப்பகம் 1978இல் வெளியிட்ட அப்படியோர் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதியது.

அடுத்தது நம் மலேசியச் சங்கதி. எக்கோனோமி, டெமோக்ராசி, ப்ரோசிடுர் எல்லாம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்திலேயே படித்துவிடுகிறார்கள். நீளமாக இருக்கிறதே என்று அவற்றின் ஆங்கில வடிவத்தைத் தாளில் நிரப்புவது வீண். 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது), 'கெட் ரிட் ஆஃப்' (ஒழித்துக்கட்டுவது), 'லுக் டவுன் ஆன்' (மட்டமாக நினைப்பது) இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் தெரியும், சேர்ந்தால் என்ன என்று தெரியாது. என் ஐந்தாம் படிவ வகுப்பில் நன்றாக எழுதுகிற பிள்ளைகளே இங்கேதான் தடுமாறுகிறார்கள். செந்தூல் அக்கா, உங்கள் அடுத்த தாளில் ஆறுக்கு ஆறும் இந்த வகையாகவே போடுங்கள். எட்டு விளக்கம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.