ஹொரமாவில் பி காத்தா சைட், பின்னால் கால்வாய்: டோக்கன் கொடுக்கலாமா?

மர்ஃபி டவுன் பையன் கேட்டது:

வணக்கம். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் பெங்களூர் ஹொரமாவு பக்கம் ஒரு முப்பதுக்கு நாற்பது அடி சைட் பார்த்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் வாடகை வீட்டிலேயே ஓட்டியாச்சு, இனி சொந்த வாசலில் கோலம் போடணும் என்று அம்மாவும் பிடிவாதம். ரெவின்யூ லேஅவுட் (விவசாய நிலத்தில் முறையான அனுமதி இல்லாமல் பிரித்த மனைகள்), பி காத்தா. அதாவது மாநகராட்சி வரிப் பதிவேட்டில் முறையாக இருப்பவை ஏ, அனுமதியில் குறை உள்ளவை பி. "பி-யை ஏ ஆக்க கவர்ன்மென்டே திட்டம் போட்டாச்சு சார், பணம் கட்டினா முடிஞ்சுது" என்கிறார் புரோக்கர். சைட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு; கட்டடக் குப்பைதான் கிடக்கிறது. கேட்டால், "மழைத்தண்ணி போறதுதான், ஒண்ணுமில்ல." ஞாயிற்றுக்கிழமை டோக்கன் இரண்டு லட்சம் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். என்ன செய்யலாம்?

எஜிபுரா வாசி:

எங்கள் வீடும் பி காத்தாதான். கரண்ட், தண்ணி எல்லாம் இருக்கு, வரியும் கட்டுறோம். லோனுக்குத்தான் அலைந்தேன். பேங்க் கையை விரித்தது. கடைசியில் ஒரு ஃபைனான்ஸ்காரனிடம் கூடுதல் வட்டிக்கு வாங்கினேன். ரொம்ப பயந்தால் பெங்களூரில் ஒரு அடி மண்கூட வாங்க முடியாது.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:

தம்பி, இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் வீட்டு பிளான் வரைந்தவன் சொல்கிறேன். எல்லாரும் காத்தாவையே முறைத்துப் பார்க்கிறீர்கள். காத்தா நம்ம ஊர்ப் பட்டா மாதிரி இல்லை. சொத்து வரி யார் பேரில் விழுகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். நிலம் யாருடையது என்பதற்கு மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்கணும். விவசாய நிலம் வீட்டுமனை ஆனதா என்பதற்கு கர்நாடகாவின் 1964 நில வருவாய்ச் சட்டம் 95-ஆம் பிரிவில் டி.சி. (நம்ம ஊர் கலெக்டர் மாதிரி) கொடுக்கும் கன்வர்ஷன் உத்தரவு வேணும். லேஅவுட்டுக்கு பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) அங்கீகாரம் தனி. ரெவின்யூ லேஅவுட் என்றாலே இதில் எதுவோ இல்லை என்று அர்த்தம்.

திட்டத்தை நம்பி முன்பணம் கொடுப்பது பற்றி: விதிமீறலை அபராதம் கட்டி முறைப்படுத்தும் அக்ரம-சக்ரமா திட்டம் வருது வருது என்று எத்தனை பேர் வாங்கிப் போட்டார்கள்! 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சரி, இந்தத் தடவை பணம் கட்டி ஏ ஆகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கால்வாய் எங்கே போகும்?

2007-ல் வந்த மாஸ்டர் பிளானில், பெரிய ராஜகாலுவேக்கு (மழைநீர்க் கால்வாய்க்கு இங்கே அதுதான் பேர்) 50 மீட்டர், அடுத்ததற்கு 25, சின்னதற்கு 15 மீட்டர் இடம் விடணும். கால்வாயின் நடுவிலிருந்து அளக்கணும், கரையிலிருந்து இல்லை. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் சின்னதற்கே 25 என்று கூட்டியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகச் சின்னக் கால்வாய் என்றே வைத்தாலும் 15 மீட்டர் என்றால் 49 அடி. உங்கள் சைட்டின் நீளமே 40 அடி!

குப்பை கிடக்குதே என்று அலட்சியம் வேண்டாம். கணக்கில் இருப்பது வரைபடத்துக் கால்வாய். அரசாங்கத்தின் திஷாங்க் ஆப்பை சைட்டில் நின்று திறந்து பாருங்கள், சர்வே நம்பர் வரும். அந்த நம்பரை வைத்து பழைய கிராம வரைபடம் வாங்கிப் பாருங்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மகாதேவபுரா பக்கம் புல்டோசர் வந்தபோது அதிகாரிகள் கையில் இருந்ததும் அந்த வரைபடம்தான். பிறகு நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். புரோக்கர் டேப்பின் நீளம் வேற.

எஜிபுரா வாசி:

அண்ணா சொல்றது சரி. எங்கள் பக்கம் கால்வாய் இல்லை, அதை யோசிக்கல.

மர்ஃபி டவுன் பையன்:

ஐயா, சனிக்கிழமை காலையிலேயே அப்பாவோடு போய் அளந்தேன். கால்வாய் நடுவிலிருந்து சைட்டின் பின் எல்லை 31 அடி. 49-ல் மீதி 18 அடி சைட்டுக்குள் வருகிறது. வீடு கட்ட மிச்சம் முப்பதுக்கு இருபத்திரண்டு, அதிலும் சுற்றி செட்பேக் என்று காலி இடம் விடணும். வரைபடத்தில் கால்வாய் இரட்டைக் கோடாகத் தெளிவாக இருக்கிறது. அப்பா ஒன்றும் பேசாமல் டேப்பைச் சுருட்டினார். புரோக்கரிடம் சொன்னதும் அங்கேயே நின்று விலையில் நாலு லட்சம் குறைத்தார்; அப்போதுதான் இந்த சைட் வேண்டாம் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே தீர்ந்தது.

இப்போது ஹோசூர் பக்கம் டி.டி.சி.பி. (தமிழ்நாடு நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் சைட் பார்க்கலாம் என்கிறார். அங்கே வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?