நத்தார்க் காலுறைப் பரிசுகளைத் தாளில் சுற்ற வேண்டுமா?

பாசையூர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் இம்முறை அனுப்பிய பொதியில், முழங்கால் வரை நீளும் இரண்டு சிவப்புக் காலுறைகள் வந்திருக்கின்றன. எங்கள் சிறுவயதில் பாலன் குடிலுக்கு முன்னால் புது உடுப்பை வைத்து எடுத்துத் தருவதோடு சரி. காலுறை தொங்கவிடும் வழக்கம் வீட்டில் இருக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் அவற்றை இப்போதே யன்னல் கம்பியில் கட்டிவிட்டார்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. உள்ளே வைப்பதற்கு வண்ணப் பென்சில், தலைக் கிளிப், சிறிய மோட்டார்க் கார், சொக்லேட், ஆளுக்கொரு தோடம்பழம் என்று சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வர்ணத் தாளில் சுற்றித்தான் வைக்க வேண்டும் என்று கணவர் நிற்கிறார். காலுறைக்குள் மறைந்து கிடக்கும் பொருளை இன்னொரு முறை மறைப்பது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

வடலியடியான் எழுதியது:

சுற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. காலுறைதான் உறை. பிள்ளை கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் தடவி, இது காரின் சில்லு, இது பென்சில் பெட்டியின் மூலை என்று ஊகிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த வழக்கம் இருக்கிறது. தாளால் சுற்றிவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரிச் சரசரக்கும் பொட்டலமாகிவிடும். மேலும், பூப்போட்ட பரிசுத் தாள் ஒன்றும் காலங்காலமாக வந்ததல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் கடை வைத்திருந்த ஹால் சகோதரர்கள், 1917 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் டிசூத் தாள் விற்றுத் தீர்ந்துபோனதால், கடித உறைகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்கென வைத்திருந்த பிரெஞ்சு அலங்காரத் தாளை எடுத்து விற்றார்கள். அது உடனே விலைபோனதில் இருந்துதான் இந்த வியாபாரம் பெருகியது. ஒரு கடையில் சரக்குத் தீர்ந்ததால் வந்த பழக்கத்துக்காக நாம் ஏன் இரவிரவாகச் செலோடேப் கிழிக்க வேண்டும்?

இளவாலை ஆசிரியை எழுதியது:

வடலியடியான் ஐயாவின் வரலாறு சரிதான், முடிவு சரியல்ல. காலுறைக் கதைக்கு மூலமாகச் சொல்லப்படும் புனித நிக்கலஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரின் ஆயர் அவர். சீதனம் கொடுக்க வழியில்லாத தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவில் யன்னல் வழியே அவர் பொன்னை எறிந்தார் என்பது மரபுக் கதை; உலர வைத்திருந்த காலுறைக்குள் அது விழுந்தது என்று பின்னாளில் சேர்த்துச் சொன்னார்கள். (சீதனத்தை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.) அந்தக் கதையிலேயே அவர் பொன்னை முடிப்பாகக் கட்டித்தான் எறிந்தார். காலுறைக்குள் இன்னொரு கட்டு இருப்பது கதையின் தொடக்கத்திலிருந்தே உள்ளது.

ஆனால் என் உண்மையான காரணம் வேறு. நான்கு வயதுப் பிள்ளையிடம் சுற்றாத பொருள்கள் நிறைந்த காலுறையைக் கொடுத்துப் பாருங்கள்: தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறுவான், எல்லாம் நிலத்தில் கொட்டும், காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான், பென்சிலும் கிளிப்பும் பாயில் கிடக்கும். சுற்றி வைத்தால் ஒன்றைப் பிரிக்க வேண்டும், பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. சின்னப் பொருளுக்கும் அதற்குரிய நேரம் கிடைக்கிறது.

லண்டன் பெரியப்பா எழுதியது:

இங்கே அநேக வீடுகளில், காலுறையில் இருப்பது நத்தார் பாப்பா கொண்டுவந்தது என்பதால் சுற்றுவதில்லை. மரத்தடியில் இருப்பது பெற்றோர் கொடுப்பது என்பதால் சுற்றுவார்கள். இதற்கு மாறாக நடக்கும் வீடுகளும் நிறைய உண்டு. சுற்றுகிறவர்கள் சொல்லும் நியாயம் நேர்மையானது: பிள்ளைகள் விடியுமுன் எழும்பிக் காலுறையைப் பிரிக்கத் தொடங்கினால், பெற்றோருக்கு இன்னும் அரை மணித்தியாலம் தூக்கம் கிடைக்கும்.

பாசையூர் அம்மா எழுதியது:

பெரியப்பா, எங்கள் வீட்டில் அந்தத் தூக்கக் கணக்குச் சரிவராது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, தோளில் தூங்கிப்போன சின்னவனைக் கிடத்திவிட்டு, இரண்டு மணிக்குத்தான் காலுறையை நிரப்ப வேண்டும். நாங்கள் நால்வரும் படுப்பது ஒரே அறையில். கட்டிலுக்கு அருகில் அந்தத் தாள் சரசரத்தால் மூத்தவள் முதலில் எழும்பிவிடுவாள். அவளுக்கு எழுத்தும் தெரியும், கடையும் தெரியும். அப்பாவின் அலுமாரியில் பார்த்த அதே தாளில் நத்தார் பாப்பாவின் பரிசும் வந்தால், அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மானிப்பாய் மருமகள் எழுதியது:

நீங்கள் எல்லோரும் எறும்பை மறந்துவிட்டீர்கள். மார்கழி மழையில் வெளியிலிருக்கும் எறும்பெல்லாம் வீட்டுக்குள்தான் குடியிருக்கும். பலகாரத் தட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் நடுவில் வைத்துக் காக்கிற ஊரில், சொக்லேட்டைக் காலுறைக்குள் போட்டு யன்னல் கம்பியில் தொங்கவிட்டால், விடியற்காலையில் கம்பியிலிருந்து காலுறை வரை ஒரு கறுப்புக் கோடு போயிருக்கும். வர்ணத் தாள் அதைத் தடுக்காது. மூடி இறுகிய சின்ன டப்பாதான் தடுக்கும். ஆகவே இனிப்பை டப்பாவில் போடுங்கள், மற்றவற்றை விருப்பம்போல் செய்யுங்கள்.

வடலியடியான் எழுதியது:

மருமகள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆசிரியைக்கு என் மறுமொழி: நிக்கலஸ் பொன்னை முடிந்தது, எறியும்போது காசு சிதறக்கூடாது என்பதற்காக. அந்தப் பெண்கள் பிரிப்பதை இரசிக்க வேண்டும் என்று அவர் கட்டவில்லை.

குப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைகளில் தொங்கும் பளபளப்பான தாளில் பெரும்பகுதி தாளே அல்ல. மேலே பிளாஸ்டிக் படலமோ மினுக்குத் தூளோ ஒட்டியது. கையில் கசக்கிவிட்டுப் பாருங்கள்: கசங்கியபடியே கிடந்தால் கடுதாசி, விரிந்து எழும்பினால் பிளாஸ்டிக். நத்தாருக்கு அடுத்த நாள் அதை வளவின் மூலையில் குவித்துக் கொளுத்துவதைத்தானே செய்கிறோம்? பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பதற்கு இந்த நாட்டில் 2017 ஆம் ஆண்டிலிருந்து தடை உண்டு. 2022 ஆம் ஆண்டு பங்குனியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்ததையும் நாம் பார்த்தோம். கிழித்து எறிவதற்கென்றே தாள் வாங்குவது எனக்கு உறுத்துகிறது.

இளவாலை ஆசிரியை எழுதியது:

பளபளப்பான தாளுக்காக நான் வாதாடவில்லை. சுற்றுவதென்றால் அந்தத் தாளால்தான் சுற்ற வேண்டும் என்று யார் சொன்னது? பழைய கலண்டர் தாளின் பின்புறம் வெள்ளையாக இருக்கும். அதில் பிள்ளையின் பெயரை எழுதலாம். பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானைத் துடைத்துக் காயவைத்தால், ஒரு கிளிப் சோடியோ நான்கு சொக்லேட்டோ அதற்குள் அழகாக அடங்கும். மூடியைத் திறக்கும் இன்பமும் உண்டு, அடுத்த வருடமும் அதே குட்டான் உதவும். சின்னவனுக்குச் சுற்றும் எதிலும் செலோடேப் வேண்டாம், நூலால் கட்டினால் போதும். ஒட்டியதைப் பல்லால் கடிக்கிற வயது அது. மோட்டார்க் காருக்குள் வட்டமான சின்னப் பட்டரி இருந்தால், அதன் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதைச் சுற்றுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பிள்ளை அதை விழுங்கினால் சில மணித்தியாலத்துக்குள் உணவுக் குழாயை அரித்துவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நத்தார்க் காலையில் பலகாரம் வாங்க அயல் வீட்டுச் சைவப் பிள்ளைகளும் வருவார்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகளும் வருவார்கள். சுற்றாத காலுறை என்றால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதிலிருந்துதான் அழுகை தொடங்குகிறது.

வடலியடியான் எழுதியது:

சுற்றியிருந்தாலும் பிரித்த பிறகு தெரியத்தானே போகிறது, அக்கா? அழுகை அரை மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான். குட்டானுக்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் அது சுற்றுவது அல்ல, பெட்டியில் வைப்பது. அதை உங்கள் கட்சிக்குக் கணக்கெழுத விடமாட்டேன்.

பாசையூர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொக்லேட்டைக் குட்டானில் வைத்தாலும் எறும்பு ஓலை இடுக்கால் நுழைந்துவிடும் என்பதால், அது டப்பாவுக்குப் போகிறது, கிளிப் குட்டானுக்குள். பென்சிலும் காரும் சுற்றாமல் அப்படியே. காரைத் திருப்பிப் பார்த்தேன், திருகாணி இருக்கிறது. கணவருக்குத் திருப்தியில்லை, தோடம்பழத்தையாவது தங்க நிறத் தாளில் சுற்றித் தருவேன் என்கிறார், அது நிக்கலஸின் பொன்னுக்கு அடையாளமாம்.

இளவாலை ஆசிரியை எழுதியது:

தோடம்பழத்துக்கு அதன் தோலே போதும்; அந்த ஒன்றில் மட்டும் நான் வடலியடியான் ஐயாவின் பக்கம். மற்றவற்றில் என் கருத்து மாறவில்லை.