நம் மலையில் இத்தனை செடி வகை: மாற்றம் தந்ததா, மாறாமை காத்ததா?

குலசேகரத்தான்:
ரப்பர் தோட்டங்களைப் பற்றிய பேச்சில் ஒருவர், ‘சூழல் மாறினால் செடி வகைகள் அழியும்’ என்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சூழல் மாறியதால்தான் இத்தனை வகைகளே தோன்றின. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மண்ணை வறுத்தெடுக்கிறது. அங்கே உடைமரமும் கள்ளியும். அதே மாவட்டத்தில் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ஏறினால், இரண்டு பருவமழையும் நனைக்கும் பசுமைமாறாக் காடு. மழை மாறும்போது செடியும் மாறும். மாற்றம் நின்றால் புதிய இனம் பிறப்பதும் நின்றுவிடும். இன்றைய மாற்றத்தைக் கண்டு இவ்வளவு பதற வேண்டியதில்லை.

தோவாளை டீச்சர்:
அண்ணாச்சி, இடத்துக்கு இடம் மழை வேறுபடுவது ஒன்று. ஓர் இடத்தில் காலப்போக்கில் மழை மாறுவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே போகப்போக வறண்ட மாதங்கள் கூடுகின்றன. மகாராஷ்டிரப் பக்கம் ஏழெட்டு மாதம் வரை. நம் பக்கம் இரண்டு மூன்று மாதம்தான். பனியுகத்தில் பருவமழை தளர்ந்து ஈரக்காடுகள் சுருங்கியபோதும் இந்தத் தென்முனையில் ஈரம் மிஞ்சியது. பழைய செடி இனங்கள் இங்கே ஒதுங்கிப் பிழைத்தன.

வரைக்கமுகு என்ற காட்டுக் கமுகைப் பாருங்கள். மெலிந்த தண்டு, செங்குத்தான பாறை விளிம்பில் நிற்கும். யானைக்கு மிகவும் பிடித்த குருத்து என்பதால், யானை ஏற முடியாத இடங்களில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. இதன் ஒரே உடன்பிறப்பு இனம் நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது. நடுவில் எங்குமே இல்லை. பரந்து கிடந்த ஒரு குடும்பம் இடையில் அழிந்து இரண்டு ஓரங்களில் தங்கியது என்றே நான் கருதுகிறேன். இதைக் காத்தது மாற்றமா, மாறாமையா?

குலசேகரத்தான்:
டீச்சர், ஒரே குடும்பம் இரண்டு இனமாகப் பிரிந்ததே நடுவில் உறவு அறுந்ததால்தானே? அதுவும் மாற்றம்தான். காசித்தும்பைக் குடும்பத்தையும் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நூறை ஒட்டிய இனங்கள். பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ஈரக்காடு சுருங்கித் துண்டுபட்டபோது ஒவ்வொரு மலையிலும் சிக்கியவை தனித்தனியே மாறின என்பதே என் வாதம். நீங்கள் சொல்லும் புகலிடமே பிரிக்கும் சுவராகவும் இருந்திருக்கிறது.

வேகத்துக்கும் சான்று உண்டு. தெற்குக் கலிபோர்னியாவில் 2000 முதல் 2004 வரை வறட்சி. அதற்கு முன் 1997இல் எடுத்து வைத்த வயல் கடுகு விதையையும், 2004இல் எடுத்த விதையையும் ஒன்றாக விதைத்துப் பார்த்தார்கள். வறட்சியைக் கடந்தவை முந்திப் பூத்தன. சில தலைமுறைக்குள் நடந்த பரிணாமம் இது.

தோவாளை டீச்சர்:
கடுகு ஓராண்டுச் செடி. ஏழு வருடத்தில் ஏழு தலைமுறை காணும். காட்டு மரம் முதல் காய் காய்க்கவே பல பத்தாண்டு ஆகலாம். அதற்குள் சூழல் இரண்டு முறை புரண்டுவிட்டால் அது எதற்கு ஏற்ப மாறுவது? இன்னொன்று: அந்தக் கடுகு ஏற்கனவே தன்னிடம் இருந்த வேறுபாட்டிலிருந்துதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாறை விளிம்பில் சில நூறு மட்டும் மிஞ்சிய ஓர் இனத்தில் தேர்ந்தெடுக்க என்ன வேறுபாடு இருக்கும்?

கீரிப்பாறைத் தம்பி:
நான் ரப்பர் வெட்டுபவன். படிப்பு குறைவு, கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். தோட்டத்தில் எல்லா மரமும் ஒட்டுக் கன்று. ஒரே வயது, ஒரே நிழல், அடியில் ஒரே மாதிரிச் சருகு. தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் நாலு காட்டு மரம் நின்றால் அதன் கீழ் மட்டும் வேறு கன்றுகள் முளைக்கின்றன. பறவை கொண்டுவந்து போடுவது. அந்த மரங்களையும் வெட்டிய இடத்தில் மைக்கானியாக் கொடி ஏறி மூடிவிடுகிறது. அண்ணாச்சி சொல்லும் புதிய இனம் அந்த மூட்டத்துக்குள் எங்கே முளைக்கும்?

குலசேகரத்தான்:
தம்பி சொல்வது சரிதான். பதற வேண்டியதில்லை என்ற என் வார்த்தையை எடுத்துவிடுகிறேன். கொடி மூடிய இடத்தில் எதுவும் பிரிந்து வளராது. ஆனால் மாறாமை மட்டுமே வகைகளைத் தந்தது என்பதை டீச்சரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெப்பம் கூடினால் செடிகள் மேலே ஏறும், புதிய இடத்தில் புதிதாய் மாறும்.

தோவாளை டீச்சர்:
மாறாமை மட்டுமே என்று நான் சொல்லவில்லை. அது காத்ததைப் பற்றித்தான் சொன்னேன். மேலே ஏறட்டும், சரி. மகேந்திரகிரியே ஏறக்குறைய 1650 மீட்டர்தான். உச்சியில் இருக்கும் செடி அதற்கு மேல் எங்கே ஏறும்? தெற்கே நகர்ந்தால் கடல். தம்பி, அந்த ஓடைக்கரை மரங்கள் யாருடைய நிலத்தில் நிற்கின்றன? உடையவர் ஒப்பினால் விதை எடுத்து நாற்று போடலாம், எங்கள் பள்ளியில் இடம் இருக்கிறது.