75 இலட்சத்துக்குள் ஐந்து பேர் போகக்கூடிய புதிய கார்: எதை நம்பி வாங்கலாம்?

கோப்பாய் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோப்பாயில் வசிக்கிறேன். சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். இதுவரை மோட்டார் சைக்கிளே எங்கள் வீட்டு வாகனமாக இருந்தது. அம்மாவை மாதந்தோறும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதாலும், பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டதாலும், கார் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறோம்.

கையில் 45 இலட்சம் ரூபாய் இருக்கிறது. மீதியை லீசிங்கில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாச் செலவும் சேர்த்து 75 இலட்சத்தைத் தாண்ட முடியாது. வாங்கினால் பத்து வருடமாவது வைத்திருந்து ஓட வேண்டும், இடையில் விற்று மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மனைவியும் ஓட்டப்போவதால் ஓட்டோ கியர் தேவை. அன்றாட ஓட்டம் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இருக்கும். வருடத்தில் சில தடவைகள் குடும்பமாகக் கொழும்புக்குப் போவோம்.

விசாரித்ததில் எனது வரம்புக்குள் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஜப்பானிலிருந்து வரும் றீகண்டிஷன், அதாவது அங்கு பாவித்த, சுசுகி வேகன் ஆர் அல்லது அல்டோ ஒரு வழி. இந்தியாவில் தயாரிக்கப்பட்ட, முற்றிலும் புதிய வேகன் ஆர் மற்றைய வழி. கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர், இன்னும் கொஞ்சம் கடன் பட்டாவது, விலை கூடிய ரொயோட்டா ரெய்ஸ் எடுக்கும்படி வற்புறுத்துகிறார். ஜப்பான் வாகனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்களும், பாவித்த வாகனத்துக்கு இவ்வளவு காசா என்று கேட்பவர்களும் என்னைச் சுற்றி இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சுன்னாகம் கராஜ் எழுதியது:

ஐயா, வாகனத்தின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பாருங்கள். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஜப்பானில் கேய் என்று அழைக்கப்படும் சிறு கார்களுக்கு அந்நாட்டுச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது: நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும், எஞ்சின் 660 சிசிக்கும் மேற்படக் கூடாது. அமரக்கூடியவர்கள் 4 பேர் மட்டுமே. நீங்கள் குறிப்பிட்ட ஜப்பானிய வேகன் ஆர், அல்டோ இரண்டுமே இந்த வகையைச் சேர்ந்தவை. பின் இருக்கையில் இரண்டு பட்டிகள்தான் இருக்கும். மூன்று பேர் நெருக்கி அமரலாம் என்று விற்பவர் சொல்வார், அமரவும் முடியும், ஆனால் நடுவில் இருப்பவருக்குப் பட்டி கிடையாது, அது பெரும்பாலும் உங்கள் பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக் கொம்பனி முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

இதை நான் கேய் கார்களின் மீதுள்ள வெறுப்பால் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கைகளுக்கு அவற்றைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. இரண்டு பக்கமும் வேலியும் மதிலும் நெருக்கும் இடத்தில் 1.48 மீற்றர் அகலம் பெரிய வசதி. எஞ்சினில் ரைமிங் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், குறித்த தூரத்துக்கு ஒருமுறை அதைக் கட்டாயம் மாற்றும் செலவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இவை ஏராளமாக ஓடுவதால் உதிரிப்பாகமும் வேலை தெரிந்த கையும் பஞ்சமில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் கேட்டிருந்தால் யோசிக்காமல் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்திய வேகன் ஆருக்கும் ஜப்பானிய வேகன் ஆருக்கும் பெயரில் மட்டுமே உறவு. நீளம் 3,655 மில்லிமீற்றர், அகலம் 1,620 மில்லிமீற்றர், ஐந்து இருக்கைகள், 998 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். ஐந்து பேரையும் பொதிகளையும் ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியில் மணிக்கணக்காக ஓடும்போது 660 சிசிக்கும் 998 சிசிக்கும் உள்ள வேறுபாடு எஞ்சினின் சத்தத்திலேயே தெரியும். சிறிய எஞ்சின் அந்தச் சுமையை இழுக்கும், ஆனால் உயர்ந்த சுழற்சியிலேயே நெடுநேரம் நின்று இழுக்கும்; பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஓட்டோ கியர் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், எந்த வகை என்று கேளுங்கள். இந்தியத் தயாரிப்பில் வருவது பெரும்பாலும் ஏ.ஜி.எஸ். அதாவது, சாதாரண மனுவல் கியர்ப்பெட்டியும் கிளச்சும் அப்படியே இருக்க, மனிதக் கால் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும்போது சிறு தயக்கம் இருக்கும். சந்தைப் பக்கம் ஊர்ந்து போகும்போது சிலருக்கு அது பிடிக்காது. கிளச் தேய்ந்தால் இங்கேயே மாற்றிவிடலாம். அந்தக் கருவி பழுதானால் மட்டும், காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். ஜப்பானியக் கார்களில் உள்ள சி.வி.ரி., அதாவது படிப்படியாக மாறும் கியர்கள் இல்லாத ஓட்டோ பெட்டி, வழுக்கிக்கொண்டு போவதுபோல் மென்மையாக ஓடும். ஆனால் அதற்குரிய ஒயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு கியர் ஒயில் ஊற்றிச் சேதமாக்கப்பட்ட பெட்டிகள் எங்கள் கராஜுக்கு வருகின்றன; அவற்றைத் திருத்துவதைவிடப் பெட்டியையே மாற்றுவது இலகு, செலவோ பெரிது.

எனது எண்ணம் இதுதான்: முதலில் இருக்கை, அடுத்து உங்கள் ஊரிலேயே திருத்த முடியுமா என்ற கேள்வி, அதற்குப் பிறகுதான் நாட்டின் பெயர்.

மானிப்பாய் கணக்காளர் எழுதியது:

வாகனம் பற்றி மேலே எழுதியவர் அறிந்த அளவு நான் அறியேன். காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

75 இலட்சம் உங்கள் மொத்த வரம்பு என்றால், காரின் விலை 70 இலட்சத்துக்குள் நிற்க வேண்டும். முழுக் காப்புறுதி, பதிவுச் செலவு, பிரதேச செயலகத்தில் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்குப் பிறகும் கையில் ஒரு தொகை மிஞ்ச வேண்டும். லீசிங்கில் எடுக்கும்போது முழுக் காப்புறுதியைத் தவிர்க்க முடியாது.

மத்திய வங்கி 2025 ஜூலையில், கார்களுக்கு அவற்றின் பெறுமதியில் 60 சதவீதம் வரைதான் கடன் கொடுக்கலாம் என்று வரையறுத்தது. இந்த வீதம் மாற்றப்படக்கூடியது. ஆகையால் முற்பணம் கட்டுவதற்கு முன் அன்றைய நிலையை விசாரியுங்கள். 60 சதவீதம் என்று வைத்தால், 70 இலட்சம் ரூபாய்க் காருக்கு 28 இலட்சத்தை நீங்கள் போட வேண்டும். அது 50 ஆகக் குறைந்தால் 35 இலட்சம். இரண்டுமே உங்கள் கையிருப்புக்குள் அடங்கும். ரெய்ஸ் போன்ற வாகனத்துக்குப் போனால் அடங்காது. அதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். ஆசிரியச் சம்பளத்தில் இரண்டு இடத்துக்கு வட்டி கட்டுவது பிள்ளைகளின் படிப்பில்தான் கைவைக்கும்.

லீசிங் கொம்பனியில் மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு எழும்பி வராதீர்கள். முடிவில் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு அறவிடுவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டி முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிடப்படுகிறதா, குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிடப்படுகிறதா என்பதில்தான் பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது.

வேலணையிலிருந்து ஒரு தாதி எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். விபத்தில் காயமடைந்து வருவோரைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பதால், இங்கு இதுவரை யாரும் பேசாத ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கப் அமைப்பு 2023இல் வெளியிட்ட பரிசோதனை முடிவுகளில், இந்தியத் தயாரிப்பு வேகன் ஆர் வளர்ந்தோர் பாதுகாப்பில் ஐந்துக்கு 1 நட்சத்திரமும், இந்தியத் தயாரிப்பான அல்டோ கே10 2 நட்சத்திரங்களும் மட்டுமே பெற்றன. சிறுவர் பாதுகாப்பில் இரண்டுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் ஏ9 வீதியில் கொழும்புக்குப் போகப்போகும் ஒரு குடும்பம் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பரிசோதிக்கப்பட்ட கார்களில் முன்பக்கக் காற்றுப்பைகள் இரண்டு மட்டுமே இருந்தன. 2025இல் இந்தியாவில் இந்த மாதிரிகளுக்கு ஆறு காற்றுப்பைகள் வந்துவிட்டன. இலங்கையில் உங்களுக்கு விற்கப்படும் காரில் எத்தனை இருக்கின்றன என்பதை விற்பனையாளர் எழுத்தில் தர வேண்டும். இரண்டுதான் என்றால், இங்கு ஏற்கனவே பதிவுசெய்யப்பட்ட, நன்கு பராமரிக்கப்பட்ட ரொயோட்டா விட்ஸ் ஒன்றைத் தேடுவதே மேல் என்பது என் கருத்து. அதுவும் ஐந்து இருக்கைக் கார்தான்.

இன்னுமொன்று. பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் போய்வருபவர்களுக்கு உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது தெரியும். நீங்கள் கோப்பாயில் இருந்தாலும் கடல் அதிக தூரத்தில் இல்லை. எதை வாங்கினாலும் அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள்.

கோப்பாய் ஆசிரியர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு இருக்கை விடயத்தை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் எங்கும் குடும்பமாகப் போவதில்லை. ஆகவே ஜப்பானிய வேகன் ஆரை விட்டுவிடுகிறோம். சகோதரி சொன்ன நட்சத்திர விபரம் மனைவியை யோசிக்க வைத்திருக்கிறது. சுன்னாகம் அண்ணை, விட்ஸ் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்திய வேகன் ஆரைத்தான் எடுப்பதென்றால் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சுன்னாகம் கராஜ் எழுதியது:

சகோதரி கேட்டது நியாயமான கேள்வி. காற்றுப்பை விடயத்தில் அவர் சொன்னபடியே செய்யுங்கள். விட்ஸ் பற்றி மட்டும் என் எண்ணம் வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இங்கு பதிவான விட்ஸ்களில் மிக இளையதும் அந்தத் தடைக்கு முன் வந்தது. புதிய வாகனம் வராத அத்தனை வருடங்களும் இருந்த வாகனங்களே ஓடி ஓடித் தேய்ந்திருக்கின்றன. விலையோ தட்டுப்பாட்டால் ஏறி, இன்னும் அதன் தகுதிக்கு இறங்கவில்லை. அதன் எஞ்சின் நல்ல எஞ்சின், அதில் எனக்கு மறுபேச்சில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரே கையில் வைத்திருந்து, சேர்விஸ் பதிவுகளோடு தந்தால் எடுங்கள். விளம்பரத்தைப் பார்த்து எடுப்பதென்றால், மீற்றர் காட்டும் இலக்கத்தை நம்ப உங்களுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. பத்து வருடம் ஓட்ட நினைப்பவருக்கு முதல் சில வருடங்கள் எப்படிக் கழிந்தன என்பதுதான் எல்லாம். ஆறு காற்றுப்பையுடன் கிடைத்தால் புதியதையே எடுங்கள். இரண்டுதான் என்றால், நம்பிக்கையான விட்ஸ் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது பிழையில்லை.

புதியதை எடுக்கும்போது உத்தரவாதப் பத்திரத்தை உட்கார்ந்து வாசியுங்கள். எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், எந்தப் பாகங்களுக்கு என்பதோடு, சேர்விஸை யாழ்ப்பாணத்தில் செய்ய அவர்கள் அங்கீகரித்த இடம் எது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் அனுராதபுரம்வரை போக வேண்டுமென்றால் அந்த உத்தரவாதம் உங்களுக்குப் பாதிதான் பயன்படும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும்; முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1025 என்றால் 2025ஆம் ஆண்டின் பத்தாவது வாரம். கார் எவ்வளவு காலம் வெயிலில் நின்றிருக்கக்கூடும் என்பதை ஊகிக்க அது உதவும்.

பரிசோதனை ஓட்டத்தை யாழ் நகருக்குள் முடித்துவிடாதீர்கள். வீட்டார் ஐந்து பேரும் ஏறி, ஏசியை முழுதாகப் போட்டு, அனுமதி கிடைத்தால் கொடிகாமம் தாண்டி ஆனையிறவுப் பக்கம்வரை போய்ப் பாருங்கள். லொறி ஒன்றை முந்தும்போது அது எப்படி இழுக்கிறது என்பதையும், திரும்பி வந்து நெரிசலில் ஊரும்போது ஏ.ஜி.எஸ். எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் உங்கள் மனைவியே ஓட்டிப் பார்க்க வேண்டும். அம்மா ஏறி இறங்குவது இலகுவாக இருக்கிறதா என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளலாம். உயர்ந்த கூரையும் நிமிர்ந்த இருக்கையும் இந்தக் காரின் நல்ல பக்கம்.

கடைசியாக, எங்கள் ஊருக்கென்று ஒன்று. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு றேடியேற்றருக்குள்ளும் படியும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று வாளியால் ஊற்ற யாரையும் விடாதீர்கள். குறிப்பிட்ட கூலன்ற்றை மட்டுமே ஊற்றுங்கள், அது அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே காட்டுங்கள். சூடேறிப் போன எஞ்சின்களைக் கழற்றும்போது அந்த வெள்ளைப் படிவை நான் அடிக்கடி பார்க்கிறேன். காரைக் கழுவினாலும் வெயிலில் தானாகக் காய விடாமல் உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் புள்ளி விழுந்துவிடும். வாங்குவதற்கு முன் எந்தக் காரையாவது உயர்த்தி அடியில் பார்க்க வேண்டுமென்றால், சுன்னாகத்துக்குக் கொண்டு வாருங்கள்; பார்த்துச் சொல்கிறேன்.